அணுக்களுக்கிடையே ஓர் அளவுகோல்

நுழையும்முன்

உலகின் எந்த நாட்டு ஆய்வகத்திலும் ஒரு புரதத்தின் வடிவம் புதிதாகக் கண்டறியப்பட்டால், அது சரியானதா என்பதை ஒரு வரைபடத்தில் இட்டுப் பார்க்கின்றனர். அந்த வரைபடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில், மேசைமேல் வைத்து இயக்கும் கணக்கிடும் பொறிகளின் துணையால் உருவானது. தம் ஆய்வின்மீது எழுந்த குறைகூறலுக்கு விடைகாண முற்பட்டபோது ஜி.என். இராமச்சந்திரன் அதனை உருவாக்கினார். அவருடைய வாழ்வையும் ஆய்வையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண இராமச்சந்திரன் 1922ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். அவருடைய பெயருக்கு முன்னெழுத்தாக நிற்கும் கோபாலசமுத்திரம், திருநெல்வேலிப் பகுதியில் உள்ள அவர்தம் முன்னோரின் ஊர். தந்தையார் எர்ணாகுளம் மகாராசா கல்லூரியில் கணிதப் பேராசிரியராக இருந்து, பின்னர் அக்கல்லூரியின் முதல்வரானவர். கணிதத்தின்மீது மகனுக்கு ஏற்பட்ட பற்று வீட்டிலேயே வேர்விட்டது. பிற்காலத்தில் உயிரியலாளர்கள் சோதனையால் தேடிய விடைகளை அவர் கணக்கால் தேடியதற்கு இந்தத் தொடக்கமே காரணம் என்று கருத இடமுண்டு.

இடைநிலைக் கல்வியை முடித்த இராமச்சந்திரன், 1939இல் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் சிறப்புப் பட்ட வகுப்பில் சேர்ந்தார். 1942இல் சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வில் முதலிடம் பெற்றார். அதே ஆண்டு பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தில் மின்பொறியியல் துறையில் சேர்ந்தார். ஆனால், அங்கே இயற்பியல் துறையின் தலைவராக இருந்தவர் சர் சி.வி. இராமன். ஒளியையும் படிகங்களையும் பற்றி இராமன் நிகழ்த்திவந்த ஆய்வுகள் இளைஞரை ஈர்த்தன. இளைஞரின் திறம் இராமனையும் ஈர்த்தது. விரைவிலேயே இராமச்சந்திரன் இயற்பியல் துறைக்கு மாறினார்.

வைரத்தின் உள்ளமைப்பை எக்ஸ் கதிர்களால் ஆராய்வதும், படிகத்தை அழுத்தும்போது அதனூடே செல்லும் ஒளி எவ்வாறு மாறுகிறது என்பதைக் கணக்கிடுவதும் அவருடைய தொடக்ககாலப் பணிகள். 1947இல் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் வழங்கியது. அப்போது அவருக்கு வயது இருபத்தைந்துகூட நிறையவில்லை. பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ஈராண்டுகள் பயின்று, 1949இல் மற்றொரு முனைவர் பட்டமும் பெற்றார்.

கேவண்டிஷ் ஆய்வகத்தின் தலைவராக அப்போது இருந்தவர் லாரன்ஸ் பிராக். எக்ஸ் கதிரைப் படிகத்தின்மீது செலுத்தி, அது சிதறும் பாங்கிலிருந்து அணுக்களின் இருப்பிடத்தை அறியலாம் என்று தம் தந்தையுடன் இணைந்து உலகுக்குக் காட்டியவர் அவர். அதே முறையால் புரதங்களின் வடிவத்தை அறிய முடியுமா என்ற பெரும் வினா அவ்வாய்வகத்தில் உலவிக்கொண்டிருந்த காலம் அது. அமெரிக்க வேதியியலாளர் லைனஸ் பாலிங் அங்கு வந்து ஆற்றிய சொற்பொழிவுகளை இராமச்சந்திரன் கேட்டார். படிகங்களைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த இயற்பியலாளருக்கு உயிர் மூலக்கூறுகளின் உலகம் அறிமுகமானது இவ்வாறுதான்.

கங்காருவின் வால்

நாடு திரும்பிய இராமச்சந்திரன் பெங்களூரில் மூன்றாண்டுகள் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகம் புதிதாக இயற்பியல் துறை ஒன்றைத் தொடங்க விரும்பிய காலம் அது. துணைவேந்தர் ஏ. இலட்சுமணசாமி முதலியார், அத்துறையின் தலைமையை ஏற்குமாறு முதலில் சி.வி. இராமனையே வேண்டினார். இராமனோ தமக்கு மாற்றாகத் தம் மாணவரைப் பரிந்துரைத்தார். இவ்வாறு 1952இல், முப்பது வயதில், இராமச்சந்திரன் சென்னையில் பேராசிரியராகவும் துறைத்தலைவராகவும் பொறுப்பேற்றார்.

எக்ஸ் கதிர் ஆய்வகம் ஒன்று உருவாகிவிட்டது, எதை ஆராய்வது? இலண்டனிலிருந்து சென்னைக்கு வந்த புகழ்பெற்ற படிகவியலாளர் ஜே.டி. பெர்னல், கொலாஜன் என்னும் புரதத்தின் அமைப்புக்காக அதுவரை முன்மொழியப்பட்ட வடிவங்கள் எவையும் நிறைவளிப்பனவாக இல்லை என்று உரையாடலின்போது குறிப்பிட்டார். இராமச்சந்திரன் அதனைப் பற்றிக்கொண்டார்.

கொலாஜன் என்பது நமக்கு அயலான பொருளன்று. தோல், எலும்பு, குருத்தெலும்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாண் ஆகியவற்றின் அடிப்படை அதுவே. பாலூட்டிகளின் உடலில் மிகுதியாக உள்ள புரதமும் அதுவே. கயிறுபோல் இழுவையைத் தாங்குவது அதன் சிறப்பு. அந்த வலிமை அதன் வடிவத்திலிருந்து எவ்வாறு வருகிறது என்பதே வினா. 1951இல் பாலிங்கும் அவருடைய துணைவர் கோரியும் புரதச் சங்கிலி வலஞ்சுழியாகச் சுருளும் ஆல்பா சுருளை அறிவித்திருந்தனர். அவர்கள் கொலாஜனுக்கும் ஒரு வடிவத்தை முன்மொழிந்தனர். ஆல்பா சுருள் நிலைபெற்றது. கொலாஜன் வடிவம் நிலைபெறவில்லை. உலகின் தலைசிறந்த வேதியியலாளரே தவறிய இடத்தில் சென்னைக் குழு அடியெடுத்து வைத்தது.

ஆய்வுக்கு ஏற்ற பொருளும் அருகிலேயே கிடைத்தது. அடையாற்றில் இயங்கிவந்த மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல விலங்குகளின் கொலாஜன் இருந்தது. தோலைப் பதப்படுத்துவது என்பதே கொலாஜனைப் பதப்படுத்துவதுதானே! அவ்வாறு கிடைத்தவற்றுள் கங்காருவின் வால் நாணிலிருந்து பெறப்பட்ட இழையே தெளிவான எக்ஸ் கதிர்ப் படங்களைத் தந்தது. பெங்களூரிலிருந்தே அவருடன் பணியாற்றிவந்த கோபிநாத் கர்த்தா இவ்வாய்வில் அவருக்குத் துணையாக இருந்தார்.

எக்ஸ் கதிர்ப் படம் அணுக்களை நேரடியாகக் காட்டிவிடாது. அதில் தெரிவன புள்ளிகளும் கறைகளும் மட்டுமே. அவற்றோடு ஒத்துப்போகக்கூடிய வடிவத்தை ஆய்வாளர் தம் அறிவால் அமைத்துப் பார்க்கவேண்டும். இங்கே இராமச்சந்திரனுக்கு வேதியியலாளர்கள் அளித்த ஒரு செய்தி கைகொடுத்தது. கொலாஜனில் உள்ள அமினோ அமிலங்களுள் மூன்றில் ஒரு பங்கு கிளைசின். அமினோ அமிலங்கள் எல்லாவற்றிலும் சிறியது அது. மற்றவற்றில் பக்கக்கிளையாக அணுத்தொகுதிகள் நீட்டிக்கொண்டிருக்கும். கிளைசினுக்கு அந்த இடத்தில் ஒரேயொரு ஹைட்ரஜன் அணு மட்டுமே உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்பது தற்செயலாக இருக்க முடியுமா? ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் அமைந்திருக்கவேண்டும் என்றும், அந்த இடத்தில் பெரிய பக்கக்கிளைக்கு இடமில்லாததால்தான் இயற்கை கிளைசினை அங்கு வைத்திருக்கவேண்டும் என்றும் அவர் எண்ணினார்.

இடமில்லாமல் போவது எப்போது? மூன்று சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்போது, அவற்றின் நடுவே இடம் இராது. ஒவ்வொரு சங்கிலியும் ஒரு சுற்றுக்கு மூன்று அமினோ அமிலங்கள் என்ற கணக்கில் சுருண்டிருந்தால், ஒவ்வொரு மூன்றாவது உறுப்பும் ஒரே திசையை நோக்கும். அத்திசை மையத்தை நோக்கியதாக இருந்தால், மையத்தில் கிளைசின்கள் மட்டுமே வரும். மூன்று சங்கிலிகள் இணைந்த இவ்வடிவத்தை 1954 ஆகஸ்டில் நேச்சர் இதழில் இராமச்சந்திரனும் கர்த்தாவும் வெளியிட்டனர்.

ஆயினும், எக்ஸ் கதிர்ப் படங்களை மேலும் நுணுகி நோக்கியபோது, ஒரு சுற்றுக்குச் சரியாக மூன்று என்ற கணக்கு பொருந்தவில்லை. மூன்று சுற்றுகளுக்குப் பத்து என்பதே பொருந்தியது. அப்படியானால் ஒவ்வோர் உறுப்புக்கும் சங்கிலி 108 பாகை திரும்புகிறது. மூன்று உறுப்புகளுக்கு 324 பாகை. முழுச் சுற்றுக்கு 36 பாகை குறைகிறது. ஆகவே கிளைசின்கள் ஒரே நேர்கோட்டில் நில்லாமல் மெல்ல மெல்ல விலகிச் செல்லும். அவை எப்போதும் மையத்தை நோக்கியே இருக்கவேண்டுமெனில் ஒரே வழிதான் உண்டு: மூன்று சங்கிலிகளும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளவேண்டும். தனித்தனிச் சங்கிலி இடஞ்சுழியாகச் சுருள, மூன்றும் சேர்ந்து வலஞ்சுழியாக முறுக்கிக்கொள்ளும் மூவிழைச் சுருளை 1955இல் அவர்கள் அறிவித்தனர். மூன்று புரியாகக் கயிறு திரிப்பவர் ஒவ்வொரு புரியையும் ஒரு திசையிலும் கயிற்றை எதிர்த் திசையிலும் முறுக்குவார். பிரிந்துவிடாதிருக்க மனிதர் கண்ட உத்தி நம் தோலுக்குள்ளும் இருக்கிறது.

ஒரு குறைகூறல்

இந்த மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அதே 1955ஆம் ஆண்டின் இறுதியில் அலெக்சாண்டர் ரிச், பிரான்சிஸ் கிரிக் ஆகிய இருவரும் நேச்சர் இதழில் கொலாஜனின் அமைப்பு பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். ஈராண்டுகளுக்கு முன்புதான் வாட்சனுடன் சேர்ந்து டி.என்.ஏ.வின் ஈரிழைச் சுருளைக் கண்டறிந்து உலகப்புகழ் பெற்றிருந்தவர் கிரிக். அவர்களுடைய வடிவமும் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும் மூன்று சங்கிலிகளே. ஆனால், சங்கிலிகளைப் பிணைத்து நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகளில் வேறுபாடு இருந்தது. ஒவ்வொரு மூன்று அமினோ அமிலங்களுக்கும் இரண்டு பிணைப்புகள் என்றது சென்னை வடிவம். ஒன்றே என்றனர் அவர்கள். இரண்டு பிணைப்புகள் அமைய வேண்டுமாயின் சில அணுக்கள் ஒன்றையொன்று மிகவும் நெருங்கிவிடுகின்றன. அவ்வளவு நெருக்கம் இயலாது என்பது அவர்களுடைய குறைகூறல்.

இந்தக் குறைகூறலின் கனத்தை எண்ணிப் பார்க்கவேண்டும். ஒருபுறம் கேம்பிரிட்ஜின் பெயர்பெற்ற ஆய்வாளர்; மறுபுறம் தொடங்கி மூன்றே ஆண்டுகளான ஒரு பல்கலைக்கழகத் துறை. உலகின் பல ஆய்வாளர்கள் யார் பக்கம் சாய்ந்தனர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மூவிழை என்னும் அடிப்படைக் கருத்து சென்னையிலிருந்து முதலில் வந்தது என்பதே சில நூல்களில் மங்கிப்போயிற்று. இராமச்சந்திரனுக்கு இது வருத்தம் தந்தது. தம் வடிவத்தை ஆதரித்து அவர் தொடர்ந்து எழுதினார்.

எனினும், இந்த வழக்கின் அடியில் இன்னொரு வினா கிடந்தது. அணுக்கள் மிகவும் நெருங்கிவிட்டன என்கிறார்களே, எவ்வளவு நெருங்கினால் மிகை? இதற்கு உறுதியான விடை அன்று எவரிடமும் இல்லை. ஒவ்வோர் ஆய்வாளரும் தத்தம் பட்டறிவைக் கொண்டு ஓர் எல்லையை வைத்திருந்தனர். அளவுகோலே இல்லாமல் ஒரு பொருளை நீளம் என்றும் குட்டை என்றும் வாதிட்டுக்கொண்டிருந்த நிலை அது. அளவுகோலை உருவாக்க இராமச்சந்திரன் முடிவுசெய்தார்.

அமினோ அமிலங்கள், சிறு பெப்டைடுகள் போன்ற எளிய சேர்மங்களின் படிக அமைப்புகள் அதற்குள் பல வெளியாகியிருந்தன. அவற்றிலுள்ள அணுத்தொலைவுகளில் ஐயத்துக்கு இடமில்லை. அந்தக் கட்டுரைகளைத் திரட்டி, பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் ஒன்றையொன்று எந்த அளவுக்கு நெருங்கியிருக்கின்றன என்பதை அவருடைய குழு ஒவ்வொன்றாகக் கணக்கிட்டது. வி. சசிசேகரனும், மாணவராகச் சேர்ந்திருந்த சி. இராமகிருஷ்ணனும் இப்பணியில் ஈடுபட்டனர். இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையே இயல்பான குறைந்த தொலைவு 3.2 ஆங்ஸ்ட்ரம், அரிதாக 3.0 வரை போகலாம். கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே 2.8, அரிதாக 2.7. இரண்டு ஹைட்ரஜன்களுக்கு இடையே 2.0, அரிதாக 1.9. ஆங்ஸ்ட்ரம் என்பது ஒரு மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. இவ்வாறு பட்டியல் உருவாகியது. நம்முடைய நூலகங்களில் தூசு படிந்து கிடக்கும் பழைய இதழ்களிலிருந்து இத்தகைய பட்டியல்களைத் தொகுப்பதை ஆய்வு என்று ஏற்கத் தயங்குவோர் இன்றும் உண்டு. சிதறிக் கிடக்கும் தரவுகளைத் திரட்டி அவற்றிலிருந்து விதியைக் காணும் இப்பணிதான் பிற்காலத்தில் உயிரித் தகவலியல் என்னும் தனித்துறையாக வளர்ந்தது.

இராமச்சந்திரன் வரைபடம்

அளவுகோல் கிடைத்தபின் இராமச்சந்திரனின் பார்வை கொலாஜனைத் தாண்டிச் சென்றது. இந்த எல்லைகளுக்கு உட்பட்டு ஒரு புரதச் சங்கிலி எந்தெந்த வடிவங்களை எடுக்கமுடியும் என்று அவர் கேட்டார். கேட்ட அளவில் இது விடைகாண இயலாத வினாவாகத் தோன்றும். நூற்றுக்கணக்கான உறுப்புகள் கொண்ட ஒரு சங்கிலி கணக்கற்ற வகையில் வளையக்கூடுமே!

ஆனால், சங்கிலியின் கட்டமைப்பில் ஒரு வசதி இருந்தது. அமினோ அமிலங்களை இணைக்கும் பெப்டைடு பிணைப்பு தட்டையானது. எளிதில் திருகாது என்று பாலிங் முன்பே காட்டியிருந்தார். தட்டையான அட்டைகள் பலவற்றை மூலையோடு மூலை சேர்த்துக் கோத்த மாலையை எண்ணிக்கொள்ளுங்கள். அட்டைகள் வளையமாட்டா, மூலைகளில் மட்டுமே திரும்பும். ஒவ்வொரு மூலையிலும் ஆல்பா கார்பன் என்னும் அணு இருக்கிறது. அதன் ஒருபக்கம் உள்ள அட்டை ஒரு கோணத்தில் திரும்பலாம். மறுபக்கம் உள்ள அட்டை இன்னொரு கோணத்தில் திரும்பலாம். முதல் கோணத்துக்கு ஃபை என்றும் இரண்டாவதற்குச் சை என்றும் கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டனர். எவ்வளவு நீண்ட சங்கிலியாயினும், ஒவ்வோர் இணைப்பிலும் இவ்விரண்டு கோணங்களைச் சொல்லிவிட்டால் அதன் முதுகெலும்பின் வடிவம் முழுமையாகத் தெரிந்துவிடும்.

இரண்டு கோணங்கள் என்றால், கணித வகுப்பில் நீங்கள் வரையும் வரைபடத்தாள் போதும். கிடைக்கோட்டில் ஃபை, செங்குத்துக் கோட்டில் சை. தாளின் ஒவ்வொரு புள்ளியும் இரண்டு அட்டைகளின் ஒரு நிலையைக் குறிக்கும். அந்நிலையில் அணுக்கள் எங்கெங்கு வருகின்றன என்று கணக்கிட்டு, ஏதேனும் இரண்டு அணுக்கள் பட்டியலில் உள்ள எல்லையைவிட நெருங்கினால் அப்புள்ளியை விலக்கிவிடலாம். கோணங்களைப் பத்துப் பத்துப் பாகையாக மாற்றினால்கூட 1,296 நிலைகள் வரும். ஒவ்வொரு நிலையிலும் பல அணு இணைகளின் தொலைவைக் கணக்கிடவேண்டும். மேசைப் பொறிகளைக் கொண்டு இந்த உழைப்பை இராமகிருஷ்ணனும் சசிசேகரனும் மேற்கொண்டனர். வரைபடத்துக்குப் பேராசிரியரின் பெயர் மட்டுமே நிலைத்துவிட்டது. ஆய்வுக்கட்டுரையில் மூவர் பெயரும் உள்ளன என்பதை மாணவர்கள் மறத்தலாகாது.

முடிவு வியப்பளித்தது. தாளின் முக்கால் பங்குக்கும் மேல் தடைசெய்யப்பட்ட பகுதியாகிவிட்டது. அணுக்கள் மோதாமல் இருக்கக்கூடிய நிலைகள் சில தீவுகளாக ஒதுங்கின. அத்தீவுகளில் ஒன்றில் பாலிங்கின் ஆல்பா சுருள் அமைந்திருந்தது. மற்றொன்றில், நீண்ட இழைகள் அருகருகே படுத்து உருவாக்கும் பீட்டா தகடு இருந்தது. கொலாஜனின் சுருளும் அதன் அருகிலேயே இடம்பெற்றது. பக்கக்கிளையில்லாத கிளைசினுக்கு மட்டும் தடைகள் குறைவு. அதன் வரைபடத்தில் தீவுகள் விரிந்து கிடந்தன. பல புரதங்களில் சங்கிலி சடுதியாகத் திரும்பும் இடங்களில் கிளைசின் காணப்படுவதன் காரணத்தை இதிலிருந்து அறியலாம்.

இக்கட்டுரை 1963இல் மூலக்கூறு உயிரியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியானது. ஐந்து பக்கங்களே கொண்ட சிறு கட்டுரை அது. போதிய நுணுக்கத்துடன் வடிவம் அறியப்பட்டிருந்த புரதம் அப்போது மயோகுளோபின் ஒன்றே. அடுத்தது லைசோசைம், அதன் வடிவம் 1965இல்தான் வெளிவந்தது. அதாவது, கண்டறியப்படாத புரதங்கள் எப்படி இருக்கும், எப்படி இருக்கமாட்டா என்பதை எளிய சேர்மங்களின் அணுத்தொலைவுகளைக் கொண்டு சென்னைக் குழு முன்கூட்டியே சொல்லிவிட்டது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்த புரதங்களின் கோணங்கள் பெரும்பாலும் அத்தீவுகளுக்குள்ளேயே விழுந்தன.

பின்னாள் ஆய்வுகள்

1963இலும் 1967இலும் புரத அமைப்பு பற்றிய பன்னாட்டுக் கருத்தரங்குகளை இராமச்சந்திரன் சென்னையில் நடத்தினார். உலகின் முன்னணி ஆய்வாளர்கள் கிண்டிக்கு வந்தனர். அவருடைய ஆர்வம் புரதத்தோடு நின்றுவிடவில்லை. எக்ஸ் கதிர்ப் படத்திலிருந்து அணுக்களின் இருப்பிடத்தைக் கணக்கிடும் முறைகளைப் பற்றியும் தொடர்ந்து ஆராய்ந்தார். சிதறிய கதிர்களின் செறிவைப் படம் பதிவுசெய்கிறது. அவற்றின் கட்டம் பதிவாவதில்லை. இரண்டனுள் எது மிகவும் இன்றியமையாதது? ஒரு பொருளின் செறிவையும் வேறொரு பொருளின் கட்டத்தையும் கலந்து கணக்கிட்டால், கிடைக்கும் உருவம் கட்டத்துக்குரிய பொருளையே ஒத்திருக்கும் என்று ஆர். சீனிவாசனுடன் சேர்ந்து அவர் காட்டினார். பதிவாகாமல் போவதுதான் உருவத்தைத் தீர்மானிக்கிறது!

1970ஐ ஒட்டி இராமச்சந்திரன் சென்னையை விட்டு நீங்கினார். அவருக்குத் துணைநின்ற இலட்சுமணசாமி முதலியார் அதற்கு முன்பே துணைவேந்தர் பதவியிலிருந்து விலகியிருந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிலகாலம் இருந்தபின், இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் சதீஷ் தவான் அழைப்பை ஏற்றுப் பெங்களூர் சென்று, 1971இல் மூலக்கூறு உயிர் இயற்பியல் பிரிவைத் தோற்றுவித்தார். சசிசேகரனும் இராமகிருஷ்ணனும் அங்கே அவருடன் சேர்ந்தனர்.

அதே 1971இல் அவரும் ஏ.வி. இலட்சுமிநாராயணனும் வெளியிட்ட ஒரு கட்டுரை மருத்துவத்தில் பயன்பட்டது. ஒரு பொருளைப் பல கோணங்களிலிருந்து எக்ஸ் கதிர்ப் படமெடுத்து, அந்நிழல்களைக் கொண்டு அதன் உள்ளுருவத்தை மீட்பது எப்படி? நிழல்களை அப்படியே பின்னோக்கிப் படரவிட்டால் உருவம் மங்கலாகத் தெரியும். படரவிடும் முன் ஒவ்வொரு நிழலையும் ஒரு கணித வடிகட்டியின் வழியே செலுத்தினால் மங்கல் நீங்கும். கணக்கீடும் விரைவாக முடியும் என்று அவர்கள் காட்டினர். மருத்துவமனைகளில் இன்று சி.டி. ஸ்கேன் எடுக்கும் கணினிகளில் இவ்வகை வடிகட்டல் இடம்பெற்றது. ஆய்வாளர்கள் அவ்வடிகட்டியை இருவர் பெயரையும் சுருக்கி ராம்-லாக் என்றே வழங்குகின்றனர். சி.டி. ஸ்கேன் கருவிக்காக 1979இல் நோபல் பரிசு ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் சென்றது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு எத்துறையிலும் கிடைக்கவில்லை. 1961இல் பட்நாகர் விருது, 1977இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதி, 1999இல் படிகவியலாளர்களின் பன்னாட்டு ஒன்றியம் அளித்த ஈவால்டு பரிசு ஆகியவை அவர் பெற்ற சிறப்புகளுள் சில.

ஓய்வுக்குப் பின்னர் அவர் தருக்கவியலில் ஆழ்ந்தார். இந்தியத் தருக்க மரபில் வரும் உண்டு, இல்லை, இருக்கலாம் போன்ற நிலைகளைக் கணித அணிகளால் எழுத முடியுமா என்று ஆராய்ந்தார். அவ்வாய்வு பரவலான கவனத்தைப் பெறவில்லை. பார்க்கின்சன் நோய் அவரை மெல்ல மெல்ல வாட்டியது. 1998இல் துணைவியாரின் மறைவு அவரை மேலும் தளர்த்தியது.

கொலாஜன் வழக்கு என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். கொலாஜனை ஒத்த ஒரு சிறு பெப்டைடின் படிகம் 1994இல் மிகுந்த நுணுக்கத்துடன் ஆராயப்பட்டது. ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட மூன்று இழைகளும், மையத்தை நோக்கும் கிளைசின்களும் அதில் காணப்பட்டன. அடிப்படையில் சென்னை கண்ட வடிவம் உறுதியாயிற்று. நேரடி ஹைட்ரஜன் பிணைப்போ ஒவ்வொரு மூன்று உறுப்புகளுக்கும் ஒன்றாகவே இருந்தது. அந்த அளவில் ரிச்சும் கிரிக்கும் சொன்னது சரியாயிற்று. சங்கிலிகளுக்கிடையே நீர் மூலக்கூறுகள் பாலமாக நின்று பிணைப்பதும் அதில் தெரிந்தது. அத்தகைய நீர்ப்பாலங்கள் இருக்கக்கூடும் என்று 1960களின் இறுதியிலேயே இராமச்சந்திரன் தம் வடிவத்தைத் திருத்தி எழுதியிருந்தார்.

கர்த்தா பின்னர் அமெரிக்கா சென்று, ரைபோநியூக்ளியேஸ் என்னும் நொதியின் வடிவத்தை 1967இல் கண்டறிந்த குழுவில் முதன்மையானவராக விளங்கினார். அந்த நொதியும் புரதமே. அதன் கோணங்களையும் வரைபடத்தில் இட்டுப் பார்க்கலாம்.

2001 பிப்ரவரியில் மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவு வெளியிடப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் இராமச்சந்திரன் சென்னையில் காலமானார். மரபணுக்களின் எழுத்து வரிசையிலிருந்து புரதத்தின் அமினோ அமில வரிசையை அறிவது எளிது. அவ்வரிசை எவ்வாறு மடிந்து வடிவம் பெறுகிறது என்பதே கடினமான பகுதி. புரதங்களின் வடிவங்களைச் சேமிக்க 1971இல் தொடங்கப்பட்ட புரதத் தரவு வங்கியில் இன்று இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட வடிவங்கள் உள்ளன. புதிதாக ஒன்றைச் சேர்க்க வருவோர், அதன் ஒவ்வோர் ஆல்பா கார்பனின் ஃபை, சை கோணங்களையும் புள்ளியாக்கி இராமச்சந்திரன் வரைபடத்தில் இடுகின்றனர். தீவுகளுக்கு வெளியே விழும் புள்ளிகள் மிகுதியாயின், எக்ஸ் கதிர்ப் படத்தைப் புரிந்துகொண்டதில் எங்கோ பிழை நேர்ந்திருக்கிறது என்று அறிந்து, அவர்கள் மீண்டும் கணக்கைத் தொடங்குகின்றனர்.